120 மீட்டர் தொலைவுக்கு 12 மி.மீ. திறப்புள்ள லேசர் ஸ்கேனர்: பெரிய ஆடிகளைச் சிறிய கால்வோ தாங்குமா?

செங்கதிர்:

வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளியின் நூற்றாண்டு விழாவில், விளையாட்டுத் திடலின் ஒரு மூலையிலிருந்து, எதிரே நிற்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் மீது பள்ளியின் பெயரையும் சில கோட்டோவியங்களையும் லேசரால் எழுதிக் காட்டுவது என்று முன்னாள் மாணவர்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். அது 10 லட்சம் லிட்டர் தொட்டி. குறுக்களவு ஏறத்தாழ 15 மீட்டர். சென்ற ஆண்டுதான் வெள்ளையடித்தார்கள். ஆகவே திரைக்குக் குறையில்லை. திடலின் மூலையிலிருந்து தொட்டிக்கு உள்ள தொலைவை நாடா பிடித்து அளந்தபோது 120 மீட்டர் வந்தது.

என்னிடம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்த 3 வாட் லேசர் தொகுதி ஒன்றும், நொடிக்கு 30,000 புள்ளிகள் என்று குறிக்கப்பட்ட ஒரு ஜோடி சிறிய கால்வோக்களும் (தண்டில் ஒட்டிய ஆடியை மின்னோட்டத்துக்கு ஏற்ப விரைந்து திருப்பும் சிறு மோட்டார்கள்) இருக்கின்றன. மூன்று நிறங்களுமே மல்டிமோடு டையோடுகளிலிருந்து (திறன் மிகுந்த, ஆனால் கற்றை கூடுதலாக விரியும் வகை) வருபவை. தொகுதியை விட்டு வெளிவரும்போது கற்றையின் விட்டம் 4 மி.மீ.; அதன் விரிகோணம் 1.2 மில்லிரேடியன், அதாவது மீட்டருக்கு 1.2 மி.மீ. விரிகிறது. மண்டபத்துக்குள் 10 மீட்டர் தொலைவில் எழுத்துகள் ஊசியால் கீறியதுபோல் தெளிவாக விழுகின்றன. ஆனால் ஓர் இரவு தொட்டியின் மீது சோதித்துப் பார்த்தபோது, கோடு முக்கால் சாண் அகலத்துக்கு, அதாவது 15 செ.மீ. அளவுக்குத் தடித்துவிட்டது. எழுத்தின் உயரம் ஒன்றரை மீட்டர் இருந்தும், 'நூற்றாண்டு' என்ற சொல்லில் வரும் மூன்று சுழி ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அது எந்த எழுத்து என்றே படிக்க முடியவில்லை. தமிழ் எழுத்துகளுக்கு இவ்வளவு தடித்த கோடு சற்றும் ஒத்துவராது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

கற்றையை முதலில் 3 மடங்கு அகலப்படுத்தி 12 மி.மீ. ஆக்கினால் விரிகோணம் 0.4 மில்லிரேடியனாகக் குறையும் என்றும், அப்போது தொட்டியின் மீது கோட்டின் அகலம் 6 செ.மீ. அளவில் நிற்கும் என்றும் கணக்கிட்டிருக்கிறேன். ஆனால் என் கால்வோக்களில் உள்ள ஆடிகள் 5 மி.மீ. கற்றைக்கு மட்டுமே போதுமானவை. அவற்றைக் கழற்றிவிட்டு, 12 மி.மீ. கற்றைக்கும் மேலும் கீழும் 20 பாகை வீச்சுக்கும் ஏற்ற பெரிய ஆடிகளை 2 மி.மீ. கண்ணாடியில் வெட்டி ஒட்டலாமா? அல்லது பெரிய கால்வோக்களையே வாங்கித்தான் ஆக வேண்டுமா? அவற்றின் விலை எங்கள் வசூலுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறைக்காரர்:

தம்பி, கற்றையின் விட்டத்தையும் விரிகோணத்தையும் பெருக்கினால் வரும் எண் மாறாது என்ற அடிப்படையைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். 4 மி.மீ. பெருக்கல் 1.2 என்றாலும், 12 மி.மீ. பெருக்கல் 0.4 என்றாலும் விடை 4.8தான். அந்த எண்ணைக் குறைக்க எந்த லென்ஸாலும் முடியாது. எனவே தொலைவில் கோடு மெலிய வேண்டுமானால் திறப்பு, அதாவது கற்றை வெளியேறும் அகலம், பெரிதாகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ஆடி கேட்கும் விலை என்ன என்பதை வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கற்றை 45 பாகையில் வந்து விழும் ஆடி, சுழல் அச்சுக்குக் குறுக்காகக் கற்றையின் விட்டத்தைப் போல 1.41 மடங்கு அகலமாக இருக்க வேண்டும். ஒளி 20 பாகை விலகுவதற்கு ஆடி 10 பாகை திரும்ப வேண்டும்; அப்படித் திரும்பும்போது படுகோணம் 55 பாகை ஆகிவிடுவதால், அகலம் 1.74 மடங்காக உயர்கிறது. 12 மி.மீ. கற்றைக்கு இது 21 மி.மீ. இரண்டாவது ஆடியின் மீது கற்றை ஏற்கெனவே விசிறிபோல் விரிந்து வருகிறது. இரண்டு ஆடிகளும் ஒன்றையொன்று இடிக்காமலிருக்க 20 மி.மீ. இடைவெளி விட்டால், இரண்டாவது ஆடியின் நீளம் 27 மி.மீ. வரை போகும். 21க்கு 27 அளவுள்ள 2 மி.மீ. கண்ணாடித் துண்டின் எடை 2.8 கிராம், தண்டைச் சுற்றி அதன் நிலைமத் திருப்புத்திறன் (திருப்புவதற்கு அது காட்டும் எதிர்ப்பின் அளவு) 1.05 கிராம் சதுர செ.மீ. இப்போது உங்கள் கால்வோவில் இருக்கும் 5 மி.மீ. ஆடிக்கு இதே கணக்கைப் போட்டால் 0.015 வரும். அதாவது, 70 மடங்கு. திறப்பைப் பெருக்கும்போது தடிமனையும் அதே விகிதத்தில் பெருக்கினால் நிலைமத் திருப்புத்திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது என்பதால்தான் இந்த எண் இப்படி எகிறுகிறது.

என்னிடம் உள்ள சிறிய கால்வோவின் ரோட்டாருக்கு, அதாவது உள்ளே சுழலும் பாகத்துக்கு, நிலைமத் திருப்புத்திறன் 0.03தான். ரோட்டாரைப் போல 35 மடங்கு சுமையைத் தலையில் கட்டிக்கொண்டு அது ஓட வேண்டும் என்றால் நடக்காது. மெதுவாக ஓட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். ஓரளவுக்குப் போதும். ஆனால் அதன் மறுபக்கத்தையும் மனத்தில் வையுங்கள்: ஒரே வீச்சில் அதிர்வெண்ணை இரட்டித்தால் வேண்டிய முறுக்குவிசை 4 மடங்காகிறது. முறுக்குவிசை மின்னோட்டத்தைப் பொறுத்தது, சுருளின் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வெப்பம் 16 மடங்காகிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு ஜோடியில் பெரிய ஆடிகளை ஒட்டிவிட்டு, டிரைவர் போர்டின் (கால்வோவை ஓட்டும் மின்சுற்றுப் பலகை) பழைய சரிசெய்தலை மாற்றாமலேயே மின்சாரம் கொடுத்தேன். கொசு ரீங்காரம்போல் ஓர் ஒலி எழுந்தது. அது என்னவென்று யோசித்துக்கொண்டு நின்ற மூன்று நான்கு நொடிகளுக்குள் வார்னிஷ் கருகும் வாடை வந்துவிட்டது. ஒரு சுருள் போனது. மற்றதன் ஆடி தண்டிலிருந்து தெறித்துப் பெட்டியின் மூலையில் கிடந்தது. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அளவுகோல்:

மேலே உள்ள கணக்கில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் கேள்வியிலேயே இருக்கும் ஓர் எண்ணை யாரும் தொடவில்லை என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 120 மீட்டர் தொலைவில் உள்ள தொட்டிக்கு 20 பாகை வீச்சு எதற்கு? அது சிறு மண்டபத்துக்குள் சுவர் முழுவதையும் நிரப்புவதற்காகப் பழகிப்போன எண். தொட்டியின் குறுக்களவு 15 மீட்டர் என்றால், வளைவின் இரு ஓரங்களையும் விட்டுவிட்டு 12 மீட்டர் அகலத்துக்கும் 4 மீட்டர் உயரத்துக்கும் எழுதுவீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 12ஐ 120ஆல் வகுத்தால் 0.1 ரேடியன், முழு வீச்சே 5.7 பாகைதான். இடவலமாக 2.9 பாகை, மேல்கீழாக 1 பாகை. ஆடி திரும்ப வேண்டியது இதில் பாதி.

இந்த ஓர் எண் மாறியதும் எல்லாமே மாறிவிடுகிறது. ஆடி ஒன்றரைப் பாகைதான் திரும்புகிறது என்பதால் 1.74 மடங்கு அகலம் தேவையில்லை, 1.45 மடங்கு போதும், அதாவது 17.5 மி.மீ. விசிறி விரிவதும் குறைவு என்பதால், 18 மி.மீ. இடைவெளியில் இரண்டாவது ஆடியின் நீளம் 14 மி.மீ. அளவிலேயே நின்றுவிடுகிறது. 17.5க்கு 14 என்ற அதே 2 மி.மீ. கண்ணாடிக்கு நிலைமத் திருப்புத்திறன் 0.32. கற்றை ஆடியின் மீது நீள்வட்டமாகத்தான் விழுகிறது. நான்கு மூலைகளிலும் ஒளி படுவதே இல்லை. மூலைகளைத் தேய்த்து நீள்வட்டமாக்கினால் எடை ஒரு கிராமுக்குள் வந்துவிடும்; நிலைமத் திருப்புத்திறனும் 0.18 ஆகிவிடும். அச்சிலிருந்து தொலைவில் இருக்கும் மூலைகள் சுமையில் கணிசமான பங்கை வகிக்கின்றன என்பதை இந்தக் குறைவு காட்டுகிறது.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். ரோட்டாரையும் சேர்த்து முன்பு 1.08 இருந்த மொத்தம், இப்போது 0.21. திரும்ப வேண்டிய கோணம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. ஒரே அதிர்வெண்ணில் வேண்டிய முறுக்குவிசை, நிலைமத் திருப்புத்திறனும் கோணமும் பெருகிய அளவில் இருக்கும் என்பதால், நீங்கள் முதலில் திட்டமிட்டதற்கும் உண்மையில் தேவைப்படுவதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 35 மடங்கு. பட்டறைக்காரர் ஐயா எரித்த சுருள் இந்தக் கணக்கில் எரியாது.

வேகத்தையும் மதிப்பிட்டுவிடலாம். இல்டா (பன்னாட்டு லேசர் காட்சிச் சங்கம்) சோதனைப் படத்தை வைத்து 30,000 என்று சொல்லும்போது, அது 8 பாகை முழு வீச்சில் சொல்லப்படும் எண். உங்கள் பழைய ஆடியோடு மொத்த நிலைமத் திருப்புத்திறன் 0.045 ஆக இருந்தது, அது 0.21 ஆகும்போது 4.7 மடங்கு. ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குத் தாவும் நேரம் இதன் வர்க்க மூலத்தில் நீள்வதால், 2.2 மடங்கு மெதுவாகும். எனவே நொடிக்கு 12,000 முதல் 14,000 புள்ளிகள் வரை எதிர்பார்க்கலாம். ஒரு சட்டத்துக்கு (ஒரு முழுப் படத்துக்கு) 600 புள்ளிகள் என்று அடக்கமாக எழுதினால் நொடிக்கு 20 சட்டங்கள் கிடைக்கும். ஒரு பெயருக்கும் எளிய கோட்டோவியத்துக்கும் இது போதும். படம் நிறைந்த அசைவூட்டத்துக்குப் போதாது.

இன்னொன்று. கனமான இரண்டாவது ஆடியை மேல்கீழ் அசைவுக்கு வையுங்கள். அது அரைப் பாகைக்கு மேல் திரும்ப வேண்டியதே இல்லை. கூடுமானால் கற்றை 45 பாகைக்குப் பதிலாக 30 பாகையில் வந்து விழுமாறு முதல் ஆடியைச் சாய்த்து வையுங்கள். அகலம் 14 மி.மீ. ஆகக் குறையும், அதன் நிலைமத் திருப்புத்திறனும் பாதிக்கு வந்துவிடும். வருகின்ற கற்றையும் போகின்ற கற்றையும் ஒன்றையொன்று வெட்டாமல் இருக்கின்றனவா என்று அட்டையில் வரைந்து சரிபார்த்த பிறகே தகட்டில் துளையிடுங்கள்.

செங்கதிர்:

அளவுகோல் ஐயா, மிக்க நன்றி. 20 பாகை என்ற எண்ணை நான் யோசிக்காமலேயே எழுதிவிட்டேன் என்பது இப்போது புரிகிறது. எழுதும் பரப்பு நீங்கள் சொன்னபடி 12க்கு 4 மீட்டர்தான். ஓர் ஐயம் இருக்கிறது: தொட்டி உருளை வடிவம் என்பதால், ஓரங்களில் சுவர் பின்வாங்குகிறது. நடுவிலிருந்து 6 மீட்டர் தள்ளி அது 3 மீட்டர் பின்னால் போய்விடுகிறது. எழுத்து கோணலாகத் தெரியாதா? அதற்கும் மென்பொருளில் திருத்தம் செய்ய வேண்டுமா?

அளவுகோல்:

பார்ப்பவர்கள் புரொஜெக்டருக்கு அருகிலேயே அமர்ந்தால் எந்தத் திருத்தமும் வேண்டாம். ஒளி போகும் வழியும் கண் பார்க்கும் வழியும் ஒன்றாக இருக்கும்போது, சுவர் எப்படி வளைந்திருந்தாலும் எழுத்து நேராகத்தான் தெரியும். திடலின் மறுகோடியில் அமர்பவர்களுக்கு வளைவு தெரியும். நாற்காலிகளை அங்கே போடாதீர்கள். ஆனால் ஓரத்தில் ஒளி 53 பாகை சாய்வாக விழுவதால், அங்கே பொலிவு நடுவில் இருப்பதில் 60 விழுக்காடு அளவுக்கே இருக்கும். முக்கியமான எழுத்துகளை நடுவில் வையுங்கள்.

வில்லை:

பெரிய ஆடியே இல்லாமல் பெரிய திறப்பைப் பெறும் வழி ஒன்று உண்டு. இந்த வேலைக்கு அது பொருந்தும் என்பதால் சொல்கிறேன். கற்றையை ஸ்கேனருக்கு முன்னால் அகலப்படுத்தாமல், ஸ்கேனருக்குப் பின்னால் அகலப்படுத்துங்கள். 4 மி.மீ. கற்றை இப்போதுள்ள சிறிய ஆடிகளிலேயே 8.7 பாகை வீச்சில் ஓடட்டும். அதன் முன்னால் 3 மடங்குத் தொலைநோக்கி அமைப்பை வைத்தால், கற்றையின் விட்டம் 3 மடங்காகி 12 மி.மீ. ஆகும், வீச்சு மூன்றில் ஒன்றாகி 2.9 பாகை ஆகும். உங்களுக்கு வேண்டியது துல்லியமாக இதுதான். கால்வோக்களைத் தொடவே வேண்டாம், கனமான ஆடியால் வரும் வேக இழப்பும் இல்லை.

எந்த வகைத் தொலைநோக்கி என்பதில்தான் கவனம் தேவை. லேசர்க் கற்றையை அகலப்படுத்த வழக்கமாக ஒரு குழிலென்ஸும் ஒரு குவிலென்ஸும் கொண்ட கலிலியோ அமைப்பையே எடுப்போம். இங்கே அது வேண்டாம். முதல் ஆடியிலிருந்து 40 மி.மீ. தள்ளி மைனஸ் 50 மி.மீ. குழிலென்ஸும், அதற்கு 100 மி.மீ. முன்னால் 150 மி.மீ. குவிலென்ஸும் வைத்தால், சாய்ந்து வரும் கற்றையைக் குழிலென்ஸ் மேலும் வெளியே தள்ளிவிடும். அதைப் பிடிக்கும் இரண்டாவது லென்ஸுக்கு 80 மி.மீ. விட்டம் வேண்டும். மாறாக, 50 மி.மீ., 150 மி.மீ. என இரண்டு குவிலென்ஸ்களை 200 மி.மீ. இடைவெளியில் வைக்கும் கெப்ளர் அமைப்பில், முதல் லென்ஸ் கற்றையை அச்சை நோக்கி வளைத்துக் கொடுக்கிறது. இரண்டாவது லென்ஸுக்கு 40 மி.மீ. விட்டமே போதும். படம் தலைகீழாகும்; அதை மென்பொருளில் திருப்பிக்கொள்ளலாம். நடுவில் ஒளி குவியும் இடத்தில் எதையும் வைக்காமல், தூசி புகாதவாறு குழாயால் மூடிவிடுங்கள்.

இதன் குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். மூன்று நிறங்களும் வேண்டுமானால் சாதாரண ஒற்றை லென்ஸ்கள் உதவா. நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே 150 மி.மீ. லென்ஸின் குவியத்தூரம் 2 மி.மீ.க்கு மேல் மாறுபடுகிறது, 12 மி.மீ. கற்றையில் அது ஒரு மில்லிரேடியனுக்கு மேற்பட்ட விரிவாக வெளிப்படும். 0.4க்காக இவ்வளவு பாடுபட்டுவிட்டு அதைவிடப் பெரிய விரிவை லென்ஸிலேயே சேர்த்துக்கொண்டதாக ஆகிவிடும். தவிர, ஓரங்களில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் தனித்தனியே பிரிந்து விழும். ஆகவே இரண்டும் நிறப்பிழை நீக்கிய இரட்டை லென்ஸ்களாக இருக்க வேண்டும். அல்லது பச்சை ஒன்றை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டால் ஒற்றை லென்ஸ்களே போதும். வெள்ளைச் சுவரில் பச்சை மட்டுமே கண்ணுக்கு மிகப் பொலிவாகத் தெரியும் என்பதால், என் கையில் இருந்தால் முதல் சோதனையைப் பச்சையில்தான் செய்வேன்.

பட்டறைக்காரர்:

வில்லை சொன்ன வழி கெட்டிக்காரத்தனமானது. ஒரு நிறத்துக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். மூன்று நிறங்களும் வேண்டும் என்றால், நல்ல இரட்டை லென்ஸ் ஜோடியின் விலையையும் இரண்டு நல்ல ஆடிகளின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆடி வழியில் போவதானால், அளவுகோல் குறைத்துக் கொடுத்த சுமையை என் அனுபவத்தில் சிறிய கால்வோ தாங்கும். ஆனால் கணக்கில் வராத மூன்று இடங்களில் வேலை கெடுகிறது.

முதலாவது, ஆடியின் சமதளம். உங்களுக்கு வேண்டிய விரிகோணம் 0.4 மில்லிரேடியன். அதில் கால் பங்கு, அதாவது 0.1 மட்டுமே ஆடியால் கெடலாம் என்று வைத்துக்கொண்டால், 10 மி.மீ. அகலத்துக்குள் ஆடியின் பரப்பு 62 நானோமீட்டருக்கு மேல் குழிந்திருக்கக் கூடாது. இது பச்சை ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் குழிந்திருந்தால் கற்றை விரிப்பானின் குவியத்தைத் திருகிப் பெருமளவு ஈடுகட்டிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் உருளைபோல் வளைந்திருந்தால் அப்படி ஈடுகட்ட முடியாது. பழைய நகலெடுப்பு இயந்திரங்களிலிருந்து எடுக்கும் முன்பரப்பு ஆடிகள் பெரும்பாலும் சாதாரண மிதவைக் கண்ணாடியில் செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றிரண்டு துண்டுகள் நன்றாக அமையலாம். வெட்டிய ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சோதிக்காமல் நம்பாதீர்கள். எளிய சோதனை: கற்றையை அகலப்படுத்தி, ஆடியில் பட்டு 30, 40 மீட்டர் போகவிட்டு, ஒரு வெள்ளை அட்டையில் பாருங்கள். வட்டம் கோடாக நீண்டால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். சிலிக்காவும் சிலிக்கானும் இதற்கு நல்ல பொருள்கள். பெரிலியம் எடை குறைந்தது, விறைப்பு மிகுந்தது என்பது உண்மைதான்; ஆனால் அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. அதை வீட்டுப் பட்டறையில் தேய்க்கும் எண்ணமே வேண்டாம்.

இரண்டாவது, ஒட்டுதல். சமதளமான ஆடியை வளைப்பது பெரும்பாலும் நம் பசைதான். பின்பக்கம் முழுவதும் எபாக்சியைப் பூசினால், அது இறுகிச் சுருங்கும்போது 2 மி.மீ. கண்ணாடியைக்கூட இழுத்து வளைத்துவிடும். தண்டின் முனையில் உள்ள பிளவில் ஆடியின் விளிம்பைச் செருகி, மிளகளவு எபாக்சியை இரு பக்கமும் சமமாக வைத்து, ஒரு நாள் முழுவதும் தொடாமல் விடுங்கள். ஆடியின் எடை மையம் தண்டின் அச்சின் மேலேயே விழ வேண்டும். அரை மி.மீ. விலகினாலும் சிறிய பந்துத் தாங்கிகளில் அதிர்வு கிளம்பும். கோடுகளின் முனைகளில் நடுக்கமாக அது தெரியும்.

மூன்றாவது, டிரைவர் போர்டைச் சரிசெய்தல். சுமை கூடியதும் தண்டின் முறுக்கு ஒத்ததிர்வு (தண்டு தானாகவே முறுக்கி அதிரும் அதிர்வெண்) கீழே இறங்கி வந்துவிடும். பழைய ஆதாயத்தோடு (பிழையைத் திருத்தும் வேகத்தின் அளவு) மின்சாரம் கொடுத்தால் சர்வோ (ஆடியின் இருப்பை அளந்து திருத்தும் சுற்று) அந்த அதிர்வெண்ணில் ஊளையிடத் தொடங்கும். நான் கேட்ட கொசு ரீங்காரம் அதுதான். ஆதாயத்தை முழுக்கக் குறைத்து, தணிப்பைச் சற்றுக் கூட்டி வைத்த பிறகே இணையுங்கள். ஒரு பாகைக்கும் குறைவான சதுர அலையைக் கொடுத்து, இருப்புணரியின் (ஆடி எந்தக் கோணத்தில் உள்ளது என்று காட்டும் உணரி) வெளியீட்டை ஆசிலோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே ஆதாயத்தைத் துளித்துளியாக ஏற்றுங்கள். அலையின் மூலை மழுங்கியிருந்தால் ஆதாயம் போதவில்லை. மூலையைத் தாண்டிக் குதித்துத் திரும்பினால் தணிப்புப் போதவில்லை. மற்றொரு கையை மின்சுவிட்சின் மேலேயே வைத்திருங்கள். ஒலி எழுந்த அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். என்னைப்போல் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

அளவுகோல்:

ஒன்றை இதுவரை யாரும் சொல்லவில்லை. பள்ளி விழா என்பதால் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கற்றையை மெலிதாக்குவதன் பொருள், ஆபத்தைத் தொலைவுக்குக் கொண்டுபோவதுதான். கண் தானாக இமைத்துக்கொள்ளும் கால் நொடிக்கு வைத்திருக்கும் வரம்பு சதுர மீட்டருக்கு 25 வாட். அசையாமல் நிற்கும் 3 வாட் கற்றைக்கு இந்த வரம்பை வைத்துக் கணக்கிட்டால், 1.2 மில்லிரேடியனில் கண்ணுக்கு ஆபத்தான தொலைவு 320 மீட்டர் அளவில் முடிகிறது, 0.4 மில்லிரேடியனில் அது 950 மீட்டர் வரை நீள்கிறது. தொட்டிக்குப் பின்னால் வீடுகளின் மாடிகள் இருக்கின்றனவா என்று பகலில் போய்ப் பாருங்கள்.

புரொஜெக்டருக்கு 2 மீட்டர் முன்னால் ஓர் இரும்புத் தகட்டை நிறுத்தி, அதில் ஏறத்தாழ 21 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமும் உள்ள சாளரத்தை வெட்டுங்கள். மென்பொருள் தவறினாலும் கால்வோ தவறினாலும் கற்றை தொட்டியை விட்டு வெளியே போகாது. தகட்டுக்கு மங்கலான கறுப்பு வண்ணம் பூசுங்கள். பளபளப்பான தகடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அத்துடன், ஆடிகள் அசையாமல் நின்றுவிட்டால் லேசரை அணைக்கும் பாதுகாப்புச் சுற்று கட்டாயம் வேண்டும். கனமான ஆடி ஒட்டிய கால்வோ நின்றுபோகும் வாய்ப்பு, சிறிய ஆடி உள்ளதைவிட மிகுதி. கற்றை போகும் பாதை எந்த இடத்திலும் ஆள் உயரத்துக்குக் கீழே வரக் கூடாது என்பதால், புரொஜெக்டரை மேடை கட்டி மூன்று மீட்டருக்கு மேல் ஏற்றிவிடுங்கள். ஊரைச் சுற்றி விமானப் பாதை இருந்தால் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

செங்கதிர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். மூன்று நிறங்களும் வேண்டும் என்று விழாக் குழுவினர் உறுதியாகச் சொல்லிவிட்டதால் ஆடி வழியிலேயே போனோம். முதலில் நகலெடுப்பு இயந்திர ஆடியிலிருந்து 17.5க்கு 14 அளவில் ஆறு துண்டுகள் வெட்டி, மூலைகளைத் தேய்த்து நீள்வட்டமாக்கினேன். பட்டறைக்காரர் ஐயா சொன்னபடி பள்ளி வராந்தாவின் முழு நீளத்துக்கும் கற்றையை ஓடவிட்டு, மறுகோடியில் அட்டை பிடித்துப் பார்த்ததில், நான்கு துண்டுகளில் வட்டம் வெள்ளரி விதைபோல் நீண்டுவிட்டது. எஞ்சிய இரண்டை ஒட்டித் தொட்டியின் மீது சோதித்தபோது, கோடு 9 செ.மீ. இருந்தது. அவற்றில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். எபாக்சியை நான் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக வைத்திருக்கிறேன். பழைய பசையை நீக்கிவிட்டு அதையே மிளகளவுப் பசையோடு இரு பக்கமும் சமமாக ஒட்டிய பிறகு கோடு 7 செ.மீ.க்கு வந்துவிட்டது.

வேகம் நொடிக்கு 12,000 புள்ளிகளில் நிற்கிறது. அதற்கு மேல் ஏற்றினால் எழுத்துகளின் மூலைகள் உருண்டுவிடுகின்றன. ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டியும் கால்வோவின் உடல் கைபொறுக்கும் சூட்டைத் தாண்டவில்லை. தகட்டுச் சாளரத்தை வெட்டி, கறுப்பு வண்ணம் பூசி நிறுத்திவிட்டோம். ஆடி நின்றால் லேசரை அணைக்கும் சுற்றை, ஓடிக்கொண்டிருக்கும்போதே கால்வோவின் இணைப்பைப் பிடுங்கி நான்கு முறை சோதித்தேன். நான்கு முறையும் லேசர் அணைந்தது. தொட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு மாடி வீடு இருக்கிறது. அந்த வீட்டாரிடம் நேரில் போய்ச் சொல்லி, விழா இரவில் மாடிக் கதவைப் பூட்டிவைக்க ஒப்புதல் பெற்றுக்கொண்டோம்.

நேற்று இரவு 'நூற்றாண்டு' என்று எழுதிவிட்டுத் திடலின் நடுவில் நின்று பார்த்தேன். ணகரத்தின் மூன்று சுழிகளும் தனித்தனியே தெரிந்தன.